கணக்கெடுப்பவர் நிற்கும் இடம்
சமூகவியல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். "ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே மூன்று வருடம் படிக்கப் போகிறாய்?" என்று பெரியப்பா கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: பெரியப்பாவிடம் வருத்தப்பட வேண்டாம். இந்தத் துறையின்மீது வைக்கப்படும் கேள்விகளில் மிகப் பழையதும் நேர்மையானதும் அதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949-இல் இதற்கு ஒரு பதில் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடையே நடத்தப்பட்ட மிகப் பெரிய ஆய்வொன்றை மதிப்பிடும்போது, அதன் முடிவுகள் என்று சிலவற்றை அவர் வரிசையாகத் தந்தார். படித்த வீரர்களுக்குப் படிப்புக் குறைந்தவர்களைவிட மன உளைச்சல் அதிகம். கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்தவரைவிடப் படைவாழ்க்கையில் உற்சாகமாக இருந்தார்கள். வெப்பமான தென் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் பசிபிக் தீவுகளின் வெயிலை வட மாநிலத்தவரைவிட நன்றாகத் தாங்கினார்கள். படிப்பவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை செலவு என்று எண்ணத் தொடங்கும் இடத்தில், ஆய்வில் உண்மையில் கிடைத்தவை இவை அனைத்துக்கும் நேர் எதிரானவை என்று அவர் வெளியிட்டார். சரியான முடிவுகளை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நாம் அதே போலத்தான் தலையாட்டியிருப்போம். எந்தப் பக்கம் சொன்னாலும் அதற்கொரு காரணம் கண்டுபிடிக்கும் திறமை நமக்கு இருப்பதால், ஒரு செய்தி பழகியதாகத் தோன்றுவதை அதற்கான சான்றாகக் கொள்ள முடியாது.

நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், கூட்டுக் குடும்பம் சிதைந்து வருகிறது என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்தின் மகுவா என்ற சிறுநகரத்தில் 1950-களில் ஆய்வு செய்த ஐ. பி. தேசாய், தனித்தனி வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களில் பல, சொத்திலும் கடமையிலும் நல்லது கெட்டதிலும் ஒன்றாகவே இயங்கியதைக் கண்டார். ஒரே கூரையின்கீழ் வாழ்வதும் ஒரே குடும்பமாக இயங்குவதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அந்த ஆய்வு தெளிவாக்கியது. பின்னர் ஏ. எம். ஷா, முற்காலத்தில் எல்லோரும் பெரிய குடும்பங்களாகவே வாழ்ந்தார்கள் என்ற நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்தினார். முன்பு எப்படி இருந்தது என்பதைச் சரிபார்க்காமல், இப்போது சிதைகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பாடத்தில் விரைவிலேயே பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்ஹைமின் 1897-ஆம் ஆண்டு ஆய்வைப் படிப்பீர்கள். தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைவிடத் தனிப்பட்ட முடிவு வேறில்லை என்று தோன்றும் ஒரு பொருளை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். ஆண்டுதோறும் இறந்தவர்கள் வேறு வேறு மனிதர்கள். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்ற விகிதம் பெரிதும் மாறாமல் இருந்தது. கத்தோலிக்கப் பகுதிகளைவிடப் புராட்டஸ்டன்ட் பகுதிகளிலும், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடையேயும் அது கூடுதலாக இருந்தது. தனி மனிதரின் மனத்தை மட்டும் ஆராய்ந்தால் இந்த நிலைத்த விகிதத்தை விளக்க முடியாது என்றும், ஒருவரைச் சமூகத்தோடு பிணைக்கும் உறவுகளின் இறுக்கத்திலும் தளர்ச்சியிலும் அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இத்தகைய விகிதங்களையும், தனி மனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் சட்டம், வழக்கம், நம்பிக்கை போன்றவற்றையும் அவர் சமூக மெய்ம்மைகள் என்றார்.

அந்த ஆய்வைக் குறையோடு சேர்த்தே படியுங்கள். ஒரு வட்டாரத்தில் புராட்டஸ்டன்ட்டுகளும் அதிகம், இத்தகைய இறப்பும் அதிகம் என்றால், இறந்தவர்கள் புராட்டஸ்டன்ட்டுகள்தாம் என்பது அதிலிருந்து கிடைக்காது. வில்லியம் ராபின்சன் 1950-இல் இந்தப் பிழையை அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஆனால் தனி மனிதர்களாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறிவின்மை கூடுதலாக இருந்தது. குடியேறியவர்கள் ஏற்கெனவே கல்வியில் முன்னேறிய மாநிலங்களுக்குச் சென்று தங்கியதே காரணம். மாவட்டப் புள்ளிவிவரத்தை வைத்து மனிதரைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகள் இன்றும் நாள்தோறும் வருவதால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவிலுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வுக்காக வந்தவர், "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார். மாடு வளர்ப்பவர், பூக்கட்டுபவர், சொந்தத் தோட்டத்தில் களையெடுப்பவர் எல்லோரும் "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதியது உண்மையா?
– சுயஉதவிக் குழு ஊக்குநர், வேடசந்தூர்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஆய்வு முறையியலின் நடுநாயகமான கேள்வி, உயர்கல்வி வகுப்புகளில் இதற்குப் பல வாரங்கள் செலவிடுகிறார்கள். 'வேலை' என்பது ஒரு கருத்து. அதை எண்ணிக்கையாக மாற்ற வேண்டுமென்றால், எதைக் கண்டால் 'வேலை' என்று குறித்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இந்த முடிவுக்குச் செயற்பாட்டு வரையறை என்று பெயர். உங்கள் ஊருக்கு வந்தவர் வரையறையை எழுதி வைத்திருக்கலாம். ஆனால் கேள்வியாகக் கேட்டபோது அந்த வரையறை பெண்களின் காதில் வேறாக விழுந்தது. நம் பேச்சில் 'வேலைக்குப் போவது' என்றால் வாசலைத் தாண்டிச் சம்பளத்துக்கோ கூலிக்கோ போவது. அதைத்தான் அவர்கள் மறுத்தார்கள்.

இதில் இரண்டு சோதனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரே விடை வருகிறதா என்பது நம்பகத்தன்மை. கேட்க நினைத்ததைத்தான் கேட்டோமா என்பது ஏற்புடைமை. "வேலைக்குப் போகிறீர்களா?" என்ற கேள்விக்கு உங்கள் குழுப் பெண்கள் நாளைக்கும் 'இல்லை' என்றே சொல்வார்கள், ஆகவே நம்பகத்தன்மைக்குக் குறைவில்லை. ஏற்புடைமை மட்டும் அறவே இல்லை. மாறாத விடையைக் கண்டு மயங்கி, அதைச் சரியான விடை என்று எண்ணிவிடுவது ஆய்வாளர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து.

இந்தச் சிக்கல் தேசிய அளவிலும் எழுந்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களின் உழைப்பு விடுபடுகிறது என்று பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் தொடர்ந்து வற்புறுத்திய பின், 1991-ஆம் ஆண்டின் வினாநிரலில் வேலை பற்றிய கேள்வியோடு, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் உட்பட என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. பெண்கள் அதற்கு முன்பும் அதே உழைப்பைத்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள். வினாநிரலில்தான் அதற்கு இடம் இல்லாமல் இருந்தது.

இன்னொரு வழி, 'வேலை' என்ற சொல்லையே தவிர்த்துவிடுவது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வில், முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை என்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது, தீவனம் அறுத்தது, பூக்கட்டியது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது எல்லாமே அந்தக் கட்டங்களுக்குள் வந்தாக வேண்டும். தம் வீட்டாருக்கான ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அதில் தெரியவந்தது. அதைவிட முக்கியமானது, அவ்வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு மட்டுமே என்பது. அதாவது 97 நிமிடம் என்பதும் வீட்டு வேலையில் கை வைத்த கால்பங்கு ஆண்களின் சராசரிதான்.

அடுத்த முறை யாராவது வினாநிரலோடு வந்தால், "நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தோம் என்று கேளுங்கள், சொல்கிறோம்" என்று உங்கள் குழுவினர் தயங்காமல் சொல்லலாம். நல்ல ஆய்வாளர் அதற்கு நன்றி சொல்வார்.

கேள்வி: செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு ஊடாட்டவியல் என்று மூன்றையும் தேர்வில் பத்துப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். இவற்றில் எது சரி?
– இரண்டாமாண்டு மாணவர், மன்னார்குடி

பதில்: ஒரே வட்டாரத்தை வெவ்வேறு கோட்பாடுகளோடு ஆராய்ந்தவர்களை அடுத்தடுத்துப் படித்தால் இந்தக் கேள்விக்கு உயிருள்ள விடை கிடைக்கும். அதற்கு உங்கள் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது.

கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் தங்கி, கும்பாபேட்டை என்று தாம் பெயரிட்ட ஊரை ஆராய்ந்து, 1976-இல் மீண்டும் வந்தார். முரண்பாட்டுக் கோட்பாட்டின் வழியில், மார்க்சிய நோக்கில் எழுதிய அவர், நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது, விளைச்சலின் உபரி எவ்வழியாக யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்விகளை முதலில் வைத்தார். ஆந்திரே பெத்தேய் 1961–62-இல் அதே மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று தாம் பெயரிட்ட ஊரில் ஆய்வு செய்தார். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரிடமிருந்து அவர் பெற்றது, சமூக மதிப்பு, பொருளாதார வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே தொடர வேண்டும் என்ற பார்வை. சாதியில் மேலே இருந்தவர்களிடமே நிலமும் அதிகாரமும் குவிந்திருந்த பழைய நிலை மாறி, அரசியல் அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு வெளியேறியிருந்ததையும், நிலம் சந்தையில் கைமாறத் தொடங்கியிருந்ததையும் அவரால் துல்லியமாகக் காட்ட முடிந்தது அந்தப் பார்வையால்தான். ஆனால் வயலில் இறங்கி உழைத்தவர்களின் நிலை எவ்வளவு மாறியது, எவ்வளவு மாறவில்லை என்று அறிய விரும்புபவருக்குக் கஃபின் நூலே கூடுதலாகத் தருகிறது.

சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமையைத் தாங்க என்ன செய்கிறது என்று கேட்கும் செயற்பாட்டியத்துக்கு எம். என். சீனிவாஸின் குடகு ஆய்வு (1952) நல்ல எடுத்துக்காட்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரௌனிடம் பயின்ற அவர், சடங்குகள் குடும்பத்தையும் ஊரையும் எப்படிப் பிணைத்து வைக்கின்றன என்று ஆராய்ந்தார். சமஸ்கிருதமயமாதல், அதாவது கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதியினரின் வழக்கங்களைப் பின்பற்றி மேலேற முயல்வது, என்ற கருத்தாக்கம் அங்கிருந்துதான் பரவலானது. பிணைப்பை விளக்குவதில் இந்தக் கோட்பாடு வலுவானது; அந்தப் பிணைப்பு யாருடைய கழுத்தில் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று கேட்பதில் வலுவற்றது. ஊடாட்டவியல் இன்னும் அருகில் போய்ப் பார்க்கிறது. யாரை 'நீ' என்பது, யாரை 'நீங்கள்' என்பது, திண்ணையில் யார் உட்காரலாம், தேநீர்க் கடையில் எந்தக் குவளை யாருக்கு என்ற அன்றாட நடத்தைகளில்தான் மேல்கீழ் என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக உருவாக்கப்படுகிறது என்பது அதன் கண்டறிதல்.

கோட்பாடுகள் கண்ணாடிகள் போன்றவை, எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லித் தப்பிக்கும் பழக்கம் பாடநூல்களில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் சில இடங்களில் இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க முடியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆய்வு செய்த மைக்கேல் மொஃபட் 1979-இல், தலித் மக்கள் சாதி அமைப்பின் மதிப்பீடுகளை உள்ளூர ஏற்று, அவற்றைத் தம்மிடையேயும் திரும்பப் படைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அதே மாவட்டத்தில் பணியாற்றிய ஜோன் மென்ச்சர் 1974-லேயே, கீழிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது என்றும், அம்மக்கள் தம் நிலையை நியாயமென்று ஏற்கவில்லை என்றும் எழுதியிருந்தார். இவ்விரண்டும் ஒரே மக்களைப் பற்றிய, சான்றால் சோதிக்கத்தக்க கூற்றுகள். சலுகை பெற்றவர் முன் அடங்கிப் பேசுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது ஆய்வாளருக்கு எளிது என்பதால், என் சார்பு மென்ச்சர் பக்கம்.

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்கு எங்கள் சொந்த ஊரையே எடுத்துக்கொண்டேன். 200 வினாநிரல் போதும் என்கிறார் ஒரு பேராசிரியர். மூன்று மாதம் தங்கு என்கிறார் இன்னொருவர். நான் அந்த ஊர்க்காரன் என்பது உதவியா, தடையா?
– முதுகலை மாணவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு நம் மாநிலத்தில் இருக்கிறது, அதன் ஒரு பகுதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த ஊர்களை ஆராய்ந்து வருமாறு அனுப்பினார். அதன் பயனாக 1918-இல் வெளிவந்த தொகுப்பில் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகியவற்றோடு உங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்டானும் இடம்பெற்றது. இன்று சிப்காட் தொழிற்பூங்கா இருக்கும் அதே கங்கைகொண்டான்தான்.

இந்த ஊர்களின் தனிச்சிறப்பு, ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போனதில் இருக்கிறது. பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37-இல் மறு ஆய்வு நடத்தினார்கள். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1980-களின் தொடக்கத்தில் மீண்டும் ஆய்வாளர்கள் சென்றார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் சென்றார்கள். முதல் ஆய்வில், கடன்பட்டு ஒரு நிலக்கிழாரின் குடும்பத்தோடு கட்டுண்ட படியாட்களைப் பற்றிய செய்தி இருக்கிறது. அந்தக் கடன் பெரும்பாலும் திருமணச் செலவுக்காக வாங்கியது. 2008-இல் அந்தக் கட்டு இல்லை. வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலையும் அரசின் நலத்திட்டங்களும் உழைப்பாளர்களின் சார்பு நிலையைத் தளர்த்தியிருந்தன. ஒரே ஒரு முறை எடுத்த கணக்கில் இந்த நகர்வு தெரிந்திருக்காது. உங்கள் ஊரைப் பற்றியும் பழைய நில ஆவணம், பள்ளிப் பதிவேடு, முந்தைய ஆய்வேடு என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் 200 வினாநிரலின் மதிப்பு பலமடங்கு கூடும்.

தங்கி ஆராய்வது பற்றி. பங்கேற்று உற்றுநோக்கும் ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பதே அவருடைய தரவின் பாதியை முடிவு செய்துவிடும். பெத்தேய் ஸ்ரீபுரத்தில் அக்கிரகாரத்து வீடொன்றில், பிராமணரல்லாதவர்களுக்கு வழக்கமாக வாடகைக்குக் கிடைக்காத வீட்டில், தங்கினார். ஊரார் அவரை அந்தத் தெருவோடு சேர்த்தே பார்த்தார்கள். மற்றத் தெருக்களோடு, முக்கியமாகச் சேரியோடு, அவருடைய பழக்கம் அதனால் குறுகியது. இதை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் பாராட்டத்தக்கது. சீனிவாஸும் மைசூருக்கு அருகே தாம் ராம்புரா என்று அழைத்த ஊரில் 1948-இல் தங்கியபோது ஊர்த் தலைவரின் இடத்தில்தான் இருந்தார். ஆதிக்க சாதி என்ற கருத்தாக்கத்தை அவ்வளவு கூர்மையாக அவர் வகுத்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஆதிக்கம் நாள்தோறும் எப்படி நடத்தப்படுகிறது என்பதை அவர் மிக அருகிலிருந்து கண்டார். அதற்கு ஆட்பட்டவர்களின் வீட்டுக்குள் நடந்த பேச்சு அவருக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

நீங்கள் ஊர்க்காரர் என்பதால், ஆய்வைத் தொடங்கும் முன்பே உங்களுக்கு ஒரு தெரு இருக்கிறது. மொழி, உறவுமுறை, யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்ற அறிவு ஆகியவை முதல் நாளிலேயே கைவசம் இருக்கும். அதே வேளையில், உங்கள் தந்தையிடம் கடன் வாங்கியவரோ, உங்கள் குடும்பத்தோடு வரப்புத் தகராறு உள்ளவரோ உங்களிடம் என்ன சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் பிறந்து வளர்ந்து ஒரு முறைகூட நுழையாத தெருக்கள் ஊரில் இருந்தால், அவை எவை என்று ஆய்வேட்டின் முறையியல் இயலில் எழுதுங்கள். அந்தத் தெருக்களில் உங்களுக்குப் பதிலாக நேர்காணல் செய்ய அங்குள்ள ஒருவரின் உதவியைப் பெற முடியுமா என்று பாருங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண் ஆய்வாளரின் உதவி அநேகமாகத் தேவைப்படும்.

இரு பேராசிரியர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்றால், வரிசையை மாற்றுங்கள் என்பேன். முதலில் சில வாரங்கள் தங்கிப் பேசுங்கள். அதிலிருந்து வினாநிரலைத் தயாரியுங்கள். ஒரு பத்துப் பேரிடம் முன்சோதனை செய்து திருத்துங்கள். பிறகு 200 வீடுகளுக்குப் போங்கள். கணக்கில் புதிராக வந்தவற்றோடு மீண்டும் போய் உட்கார்ந்து பேசுங்கள். நூலகத்தில் அமர்ந்து எழுதிய வினாநிரலோடு நேரே ஊருக்குப் போவதுதான் மேலே வேடசந்தூர் வாசகர் சொன்ன நிலைமையில் கொண்டுபோய் விடும்.

குறிப்பேட்டுக்குப் படியெடுத்து வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனிவாஸ் பல ஆண்டுகளாகச் சீர்செய்து தொகுத்த குறிப்புகள் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது எரிந்துபோயின. ராம்புரா பற்றிய புகழ்பெற்ற நூலை அவர் நினைவிலிருந்து எழுதி 1976-இல் வெளியிட்டார்.

கேள்வி: நகரப் பேருந்து வசதி பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் படிவம் அனுப்பி 3,000 பேரிடம் கருத்துப் பெற்றோம். இத்தனை பேர் என்றால் ஆய்வு வலுவானதுதானே?
– தன்னார்வலர், கோயம்புத்தூர்

பதில்: வருந்தத்தக்க வகையில், இல்லை. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து முகவரிகளை எடுத்ததும், பதில் அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிடமிருந்து வேறுபட்டதும் காரணங்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டே வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார்.

எல்லோருக்கும் சம வாய்ப்புத் தந்து, குலுக்கல் முறையில் தேர்ந்த 1,000 பேரே ஒரு பெருநகரத்தின் கருத்தை ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ சொல்லப் போதுமானவர்கள். உங்கள் 3,000 பேரில், கையில் திறன்பேசி இல்லாமல் காலை 5 மணிப் பேருந்தில் துப்புரவுப் பணிக்குப் போகும் பெண் எத்தனை பேர்? பேருந்தை அதிகம் நம்பியிருப்பவர் அவர். வாரநாள், ஞாயிறு இரண்டிலும், காலை, நண்பகல், இரவு என்று நேரங்களைப் பிரித்து, ஒவ்வொரு வழித்தடத்திலும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் பத்தில் ஒருவரைக் கேட்டிருந்தால் 400 பேரே போதுமானதாக இருந்திருக்கும். உங்களிடம் உள்ளதை வீணாக்க வேண்டாம்: என்னென்ன குறைகள் உண்டு என்பதற்கான பட்டியலாக அதைப் பயன்படுத்துங்கள், நகரத்தில் இத்தனை விழுக்காட்டினர் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: சாதியால் பாதிக்கப்பட்டவரே சாதியை ஆராய்ந்தால் அது நடுநிலையாக இருக்குமா என்று ஆசிரியர் கூட்டமொன்றில் கேட்டார்கள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.
– பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

பதில்: சாதியால் பயன்பெற்றவர் சாதியை ஆராய்ந்தபோது அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்பதை முதலில் கேட்டிருக்கலாம். முறையியல் நோக்கில், வெபர் செய்த பாகுபாடு இங்கே உதவும். எந்தச் சிக்கலை ஆராய்வது என்று தேர்வதில் நம் மதிப்பீடுகளும் வாழ்க்கையும் நுழைவது இயல்பு. அதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் தேர்ந்த பின், நமக்கு உவப்பில்லாத சான்றையும் ஏற்கும் முறையில் ஆய்வு நடக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் அம்பேத்கரை வைத்துப் பாருங்கள். 1916 மே மாதம், தம் 25-ஆம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதியைப் பற்றி முன்பு எழுதிய செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தீட்டையும் தொழிலையும் நடுவில் வைக்காமல், அகமணத்தையே சாதியின் சாரம் என்று நிறுவினார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமென்றால், ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் அந்தச் சமநிலையைக் குலைக்கிறார்கள். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்தக் குலைவைச் சமாளிக்க உருவான வழிகள் என்று அவர் காட்டினார். சாதியையும் பெண்ணின் மீதான கட்டுப்பாட்டையும் இப்படி ஒரே விளக்கத்தில் இணைத்தவர்கள் அதற்கு முன் அரிது. மேலும், சாதியை மனு படைத்தார் என்ற எளிய குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. மனுவுக்கு முன்பே சாதி இருந்தது என்றும், மேலிருந்த குழுவைப் பார்த்துப் பிற குழுக்கள் பின்பற்றியதால் அது பரவியது என்றும் எழுதினார். சமஸ்கிருதமயமாதல் பற்றிய விவாதங்கள் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுதப்பட்டது இது.

சினத்துக்கு முழு உரிமை இருந்த ஒருவர், தம் தரப்புக்கு வசதியான விளக்கத்தை விலக்கிவிட்டு, சான்று இட்டுச் சென்ற இடத்துக்குச் சென்றார். உங்கள் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை எல்லோரும் சேர்ந்து படிக்கலாம், அது சிறியதுதான்.

கேள்வி: ஸ்ரீபுரம், கும்பாபேட்டை என்று ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவது உண்மையை மறைப்பதாகாதா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: தகவல் தந்தவர்கள் ஆய்வாளர் போன பின்பும் அதே ஊரில் வாழ வேண்டியவர்கள் என்பதால் எழுந்த வழக்கம் அது. யார் யாரிடம் கூலி உயர்வு கேட்டார், யார் வீட்டுப் பெண் யாரை மணந்துகொண்டாள் என்பவை அச்சில் வந்தால் தீங்கு நேரக்கூடும். பெயரை மாற்றுவது மட்டும் போதுமான காப்பு ஆகாது. 'ஊராட்சித் தலைவர்' என்று எழுதினாலே ஊரில் அனைவருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றுவதும், மாற்றியதாக முன்னுரையில் சொல்வதும், பேசுவதற்கு முன் எதற்காகப் பேசுகிறோம் என்று விளக்கி ஒப்புதல் பெறுவதும், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேசியதை நீக்கிவிடுவதும் சேர்ந்துதான் காப்பு. இதற்கு விலையும் உண்டு: பெயர் மறைக்கப்பட்ட ஊருக்குப் பிற்கால ஆய்வாளர் திரும்பிப் போவது கடினம். இருவேல்பட்டும் கங்கைகொண்டானும் சொந்தப் பெயரிலேயே அச்சானதால்தான் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்களால் அதே ஊர்களைத் தேடிச் செல்ல முடிந்தது.